ஆற்றின் ஆண்டும் அணையின் ஆண்டும்: எல்லை மலைகளில் நீராட்டின் வரலாறு

தமிழில் ‘ஆடு’ என்னும் வினைக்கு அசைதல், கூத்தாடுதல், விளையாடுதல் என்னும் பொருள்களோடு நீரில் மூழ்கிக் களித்தல் என்னும் பொருளும் உண்டு. நீராடுதல், புனலாடுதல், சுனையாடுதல், கடலாடுதல் என வரும் வழக்குகள் அனைத்திலும் குளியலும் விளையாட்டும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து நிற்கின்றன. மலையாளத்திலும் ‘நீராட்டு’ வழக்கில் உள்ளது. கோயில் விழாவின் நிறைவில் இறைவடிவத்தை நீர்நிலைக்கு எழுந்தருளச் செய்யும் சடங்கை அம்மொழியினர் ‘ஆறாட்டு’ என்பர். ஆற்றில் இறங்குவதை ஆடலாகக் காணும் பார்வை இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொத்து.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளைப் பற்றிய இன்றைய சுற்றுலா விளம்பரங்கள் ‘ஆண்டு முழுவதும் இன்பம்’ என்று உறுதி கூறுகின்றன. ஆற்றங்கரை இன்பம் ஆண்டு முழுவதும் கிடைப்பது புதியதன்று. ‘ஆண்டு’ என்னும் சொல்லின் பொருள்தான் மாறியிருக்கிறது. முன்னைய காலத்தில் ஆறு மாதந்தோறும் மாறியது. அதற்கேற்ப ஆடலும் மாறியது. அணைகள் எழுந்த பின்னர் மாறாத நீர்ப்பரப்பு ஒன்று உருவாயிற்று. எந்த மாதம் சென்றாலும் ஏறத்தாழ அதே படகு, அதே பூங்கா, அதே காட்சி. இந்த மாற்றத்தில் இழந்தது எது, பெற்றது எது, பெற்றவர் யார் என்பவற்றை நிலவியல், இலக்கியம், விழாக்கள், அணைகளின் வரலாறு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கினால்தான் காண முடியும்.

1. நீர் பிரியும் மலைகள்

கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. எஞ்சிய மூன்றான கபினி, பவானி, பாம்பாறு ஆகியவை கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலப்பவை. அவற்றுள் பவானி பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியே ஓடித் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. பாம்பாறு இடுக்கி மாவட்டத்தின் மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சின்னாறு முதலியவற்றோடு சேர்ந்து அமராவதி என்னும் பெயர் பெறுகிறது. மேற்கு நோக்கி ஓடுவனவற்றுள் மிக நீண்ட இரண்டும் இவ்விரு மாவட்டங்களோடு தொடர்புடையவை. இடுக்கி மலைகளினூடே பாயும் பேரியாறு 244 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனைமலையிலிருந்து வரும் நீரைப் பாலக்காட்டில் திரட்டிக்கொண்டு ஓடும் பாரதப்புழா 209 கிலோமீட்டர் நீளமுடையது.

பெயர்களும் நோக்கத்தக்கவை. இடுக்கிப் பகுதியில் பேரியாறு, மூணாறு, சின்னாறு, பாம்பாறு, தேனாறு என ‘ஆறு’ என்னும் ஈறு மிகுதி. பாலக்காட்டிலோ பாரதப்புழா, கல்பாத்திப்புழா, கண்ணாடிப்புழா, காயத்ரிப்புழா, தூதப்புழா எனப் ‘புழ’ என்னும் மலையாளச் சொல்லே ஆட்சி செலுத்துகிறது. ஆயினும் நீர் இவ்வழக்கு வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே மழை மலைமுகட்டின் இருபுறமும் வழிந்து இரு மொழி நிலங்களுக்கும் செல்கிறது.

தென்மேற்குப் பருவமழை சூன் மாதத்தில் மலைகளின் மேற்குச் சரிவில் பெய்கிறது. கிழக்கிலுள்ள தமிழ்நாட்டுச் சமவெளி அப்போது மழைமறைவில் கிடக்கிறது. ஆடி மாதத்தில் தன் வானம் வறண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரக் காணும் வியப்பு அச்சமவெளிக்கு உரியது. பதினெட்டாம் பெருக்கன்று பவானி கூடுதுறையில் திரளும் மக்களின் காலடியில் அட்டப்பாடி மழையும் சேர்ந்து ஓடுகிறது. அதே மாதம் மலையின் மேற்கே கர்க்கடகம். அது பெருமழைக்கும் பஞ்சத்துக்கும் பெயர்பெற்ற மாதம். அமாவாசையன்று ஆற்றங்கரைகளில் முன்னோர்க்குப் பலியிடும் மாதம். தோன்றும் இடத்தில் அச்சமாக இருந்த நீர், சென்றடையும் இடத்தில் விழாவாயிற்று.

2. இலக்கண நூலில் இடம்பெற்ற உலா

ஆற்றங்கரை இன்பத்தை இலக்கணமே ஏற்றுக்கொண்ட மரபு தமிழில் உள்ளது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியல், ஊரைவிட்டு வெளியே சென்று ஆறு, குளம், சோலை ஆகியவற்றில் ஆடி மகிழ்தலை இல்லறத்தார்க்கு உரியதாகக் கூறுகிறது. அகவாழ்க்கையின் உறுப்பாக வெளியுலாவுக்கு இடமளித்த நூற்பா அது.

இம்மரபின் செழிப்பைப் பரிபாடலில் காணலாம். எழுபது பாடல்களைக் கொண்டிருந்ததாகக் கூறப்படும் இந்நூலில் வையைக்கு உரியவை மட்டும் இருபத்தாறு. உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த நூலில் முழுமையாகக் கிடைத்த இருபத்திரண்டனுள் எட்டு வையையைப் பற்றியவை. வெள்ளம் வந்த செய்தி கேட்டு மதுரை மக்கள் விரைந்து புறப்படுதல், யானையும் குதிரையும் நெரிதல், மணப்பொருள்களை நீரில் கலத்தல், நண்டு, இறா, வாளை ஆகியவற்றை நீரில் இட்டு விளைச்சல் பெருக வேண்டுதல் என ஒரு நகரமே ஆற்றுக்கு இடம்பெயரும் காட்சியை அவை விரிக்கின்றன. பாடல்களின் அடிக்குறிப்புகள் இயற்றியவர் பெயரோடு பண்ணின் பெயரையும் தருவதால், ஆற்று விழாவின் இசையும் பேணப்பட்டிருந்தது தெளிவு.

இன்பத்தோடு ஆபத்தும் அம்மரபில் பதிவாகியிருக்கிறது. காவிரியின் கழார்த் துறையில் புனல்விழாவின்போது ஆட்டனத்தி என்னும் ஆடல் வல்லவனை ஆறு கவர்ந்து சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் அகநானூற்றில் பரணர் குறிப்பிடுகிறார். ஆட்டனத்தியைச் சேரர் குடியினனாகக் கொள்வது பின்னைய மரபு. ஆற்றுக்குள் இறங்குபவர் அதன் வலிமையை அறிந்தே இறங்கினர். புதுப்புனலின் கவர்ச்சியே அதன் கட்டற்ற தன்மையில்தான் இருந்தது.

எல்லை மலைகளுக்கு மிக நெருங்கிய சான்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் உள்ளது. சேரன் செங்குட்டுவன் தேவி வேண்மாளுடன் மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றங்கரையின் மணல் மேட்டில் தங்குகிறான். அங்குதான் குன்றக் குறவர் மலைபடு பொருள்களைச் சுமந்து வந்து, வேங்கை மரத்து நிழலில் நின்று விண்ணுலகு சென்ற ஒரு பெண்ணைக் கண்டதாகக் கூறுகின்றனர். உடனிருந்த சாத்தனார் அப்பெண்ணின் வரலாற்றை விளக்க, வடநாட்டுப் படையெடுப்பும் பத்தினிக் கோயிலும் அதிலிருந்து பிறக்கின்றன. புகார்க் காண்டத்தில் கோவலனும் மாதவியும் பிரிவதற்குக் கடலாடச் சென்ற உலா களமாகிறது. வஞ்சிக் காண்டத்தில் கண்ணகி தெய்வமாவதற்கு ஆற்றங்கரை உலா களமாகிறது. அரசனும் மலைவாழ் மக்களும் நேருக்கு நேர் பேச வாய்த்த இடம் அரண்மனை அவையாக இல்லாமல் ஆற்று மணலாக இருந்தமை கருதத்தக்கது. வஞ்சி நகரம் கொடுங்கல்லூர்ப் பகுதியா, கரூரா என்ற விவாதம் தனியே நிற்க, பேரியாற்றின் மணலில் உலா ஒன்று காப்பியத்தின் திருப்புமுனையாக அமைந்தது என்பதில் ஐயமில்லை.

3. ஆற்றின் ஆண்டு

இலக்கியத்தையும் இன்றும் நடைபெறும் விழாக்களையும் அருகருகே வைத்தால் ஆற்றின் நாட்காட்டி ஒன்று உருவாகிறது. ஆடியில் புதுப்புனல். நீர் கலங்கிச் செந்நிறமாக இருக்கும். கரையில் நின்று வணங்குவதும், விளிம்பில் இறங்கி ஆடுவதும், கரையிலேயே கலந்த சோற்றைப் பகிர்ந்துண்பதும் அக்காலத்துக்கு உரியவை.

ஐப்பசியில் துலா முழுக்கு. மயிலாடுதுறையில் காவிரிக் கரையில் மாதம் முழுவதும் நீராடி, மாத இறுதியில் கடைமுழுக்குக் காணும் வழக்கம் பரவலாக அறியப்பட்டது. தஞ்சை, மதுரைப் பகுதிகளிலிருந்து பாலக்காட்டில் குடியேறிய தமிழ் அந்தணர் இந்த நாட்காட்டியைத் தம்முடன் கொண்டுசென்றனர். 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை உடைய கல்பாத்தி விசுவநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. படிகள் நீர்த்துறைக்கு இறங்குகின்றன. காசியிலிருந்து கொண்டுவந்த இலிங்கம் என்ற மரபு இத்தலத்தைப் ‘பாதிக் காசி’ ஆக்கிற்று. தேரோட்டம் நடைபெறுவதோ ஐப்பசி இறுதியில், மயிலாடுதுறைக் கடைமுழுக்கின் நாள்களில். புலம்பெயர்ந்தோர் காவிரியைக் கொண்டுவர இயலாது. காவிரியின் மாதத்தைக் கொண்டுவந்தனர். மலையாளத்திலும் அம்மாதம் துலாம்; வடகிழக்குப் பருவமழைக்குத் துலாவர்ஷம் என்றே பெயர். ஆகவே புதிய நிலத்தில் அந்த மாதம் அந்நியமாகத் தோன்றவில்லை.

மார்கழியிலும் தையிலும் நீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். அது பெண்களின் பருவம். பரிபாடல் கன்னியரின் அம்பா ஆடலையும் தைந்நீராடலையும் வையைத் துறையில் காட்டுகிறது. மலையாள நாட்டில் தனு மாதத் திருவாதிரைக்கு முன் பெண்கள் விடியற்காலையில் நீரில் இறங்கி, கைகளால் நீரைத் தட்டி ஒலியெழுப்பிப் பாடிக் குளிப்பது ‘துடித்துக்குளி’ எனப்படும். தனுவும் மார்கழியும் ஒரே மாதமே. இரு மொழிகளிலும் குளிர்ந்த நீரும் விடியலும் பெண்கள் கூட்டமும் ஒருசேர நிற்பதைத் தற்செயலாகக் கொள்வது கடினம்.

மாசியில் ஆறு வற்றி மணல் தெரியும். அப்போது ஆடல் நீரைவிட்டு மணலுக்கு வருகிறது. பேரியாற்றின் ஆலுவா மணற்புறத்தில் சிவராத்திரிக் கூட்டம் திரள்கிறது. பாரதப்புழாவின் திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கம் ஆற்று மணலிலேயே கூடியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது முடிவுற்றது. சந்தை, கூத்து, விருந்து, அரசியல் வலிமைக் காட்சி அனைத்துக்கும் வெளி கொடுத்தது வற்றிய ஆறு. வற்றுதலைக் குறையாகக் கருதாமல் அதையும் ஒரு பருவமாகக் கொண்டாடியமை இந்நாட்காட்டியின் நுட்பம்.

சித்திரை முழுநிலவில் வட்டம் நிறைகிறது. மதுரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த மங்கலாதேவி கோயில், கண்ணகி கோயிலாக மக்கள் வழிபடும் இடம், அந்த ஒரு நாள் மட்டும் திறக்கப்படுகிறது. இரு மாவட்ட நிருவாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய, இரு மொழி மக்களும் மலையேறுகின்றனர்.

4. துறை எல்லோர்க்கும் திறந்திருந்ததா?

இந்த நாட்காட்டியை ஏக்கத்தோடு மட்டும் நோக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆறு இயற்கையாக ஓடியது. அதன் துறைகள் சமூகத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. எந்தச் சாதியார் எந்தத் துறையில், நீரோட்டத்தின் மேற்புறத்திலா கீழ்ப்புறத்திலா குளிக்க வேண்டும் என்பது தீண்டாமை விதிகளின் பகுதியாக இருந்தது. துறைக்குச் செல்லும் தெருவே மறுக்கப்பட்டவர்க்கு ஆற்று விழா இல்லை.

1924ஆம் ஆண்டு இவ்வகையில் முதன்மையானது. அவ்வாண்டு சூலையில் மலையாள நாட்டின் ஆறுகள் பெருவெள்ளம் கண்டன. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் அழைக்கப்படும் அவ்வெள்ளம் மூணாற்றில் தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அழித்தது; பாதை மீண்டும் கட்டப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர்விழாவின்போது ஈழவர் அக்கிரகாரத் தெருக்களில் நுழைந்ததை எதிர்த்துக் கலகம் மூண்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கான சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வைக்கம் திருவிதாங்கூரில் இருந்தது; கல்பாத்தியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆட்சிகள் வேறாயினும் கேள்வி ஒன்றே: பொதுத்தெரு யாருக்குப் பொது? வெள்ளம் சாதி பாராமல் அனைவரையும் தொட்ட ஆண்டிலேயே, ஆற்றுக்குச் செல்லும் தெருவில் நடக்கும் உரிமைக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் 1936லும் சென்னை மாகாணத்தில் 1947லும் வந்த கோயில் நுழைவு உரிமைகளுக்கு முன் நிகழ்ந்த நீண்ட போராட்டத்தின் ஓர் அங்கம் இது.

உயர்மலைகளிலும் வேறொரு பிரிவினை இருந்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமார் குளிர்ந்த ஓடைகளில் அயல்நாட்டு டிரவுட் மீனை வளர்த்துத் தூண்டிலிட்டுப் பிடிப்பதை ஓய்வுநேர விளையாட்டாக்கினர். மீனும் விளையாட்டும் பிரிட்டனிலிருந்து பெற்ற பழக்கத்தைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து வந்து கொழுந்து பறித்த தொழிலாளர்க்கு அந்த ஓடைகள் வேலைக்குப் பின் துணி துவைக்கும் இடமாகவும் குடிநீராகவுமே இருந்தன. ஓய்வு என்பதே ஒரு வகுப்பின் உடைமையாக இருந்த இடத்தில், ஆற்றங்கரை இன்பத்தை அனைவர்க்கும் பொதுவானதாகப் பேச இயலாது.

5. அணையின் ஆண்டு

மாற்றத்தின் தொடக்கத்தை 1886இல் காணலாம். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றது. மேற்கே ஓடிய பேரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிச் சுருளியாற்றையும் அதன் வழியாக வைகையையும் அடைந்தது. செங்குட்டுவன் உலா வந்த ஆறும், பரிபாடல் போற்றிய ஆறும் பொறியியலால் இணைந்தன. வறட்சியால் வாடிய மாவட்டங்களுக்கு இந்நீர் தந்த வாழ்வு மறுக்க முடியாதது; பென்னிகுயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டும் பழக்கம் தேனி மாவட்டத்தில் இன்றும் நிலவுகிறது.

அணைக்குப் பின்னால் தேக்கடி ஏரி உருவாயிற்று. நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரிக்கு நடுவே கரிய தூண்களாக நிற்கின்றன. பாசனத்துக்காகத் தேக்கிய நீர் விரைவில் காட்சிக்குரியதாயிற்று. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு இடப்பாளையத்தில் ஏரி மாளிகை எழுந்தது. 1934இல் அறிவிக்கப்பட்ட வேட்டை விலங்குச் சரணாலயம் 1950இல் விரிவுற்று, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. அரசர்க்குரிய படகு உலா பின்னர் பயணச்சீட்டு வாங்கிய அனைவர்க்கும் உரியதாயிற்று.

பாலக்காட்டில் இந்த மாற்றம் விடுதலைக்குப் பின் வந்தது. கல்பாத்திப்புழாவுக்கு நீர் தரும் மலம்புழா ஆற்றின் குறுக்கே 1949இல் அணைப்பணி தொடங்கிற்று. 1955 அக்டோபரில், மலபார் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த இறுதி ஆண்டுகளில், முதலமைச்சர் காமராசர் அதனைத் திறந்து வைத்தார். அணையின் அடிவாரத்தில் பூங்கா வளர்ந்தது. 1969இல் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் ‘யட்சி’ அங்கு நிறுவப்பட்டது. இப்பூங்காவின் சமூகப் பொருளைக் குறைத்து மதிப்பிடலாகாது. தேர்த்தெருவில் நடப்பதற்கே கலகம் எழுந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், சாதி கேட்காத ஓர் ஆற்றங்கரை உருவாயிற்று. நுழைவுக் கட்டணம் செலுத்தியவர் யாவரும் அங்கு விருந்தினர். சாதித் துறைகளின் நாட்காட்டியிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டோர்க்கு அணைப்பூங்காவே முதல் ஆற்றங்கரை உலாவாக அமைந்திருக்கக்கூடும்.

மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம், குறவன், குறத்தி மலைகளுக்கு இடையே 1976இல் செயல்படத் தொடங்கிய இடுக்கி வளைவு அணை, ஆனைமலைச் சாரலின் ஆழியாறு, உடுமலைக்குத் தெற்கே அமராவதி எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் அருகிலும் பூங்காவோ படகுத்துறையோ காட்சிமுனையோ தோன்றிற்று. ஆறு இருந்த இடத்தில் ஏரி. பருவம் இருந்த இடத்தில் பார்வை நேரம்.

6. இழப்பின் கணக்கு

அணைக்குக் கீழே ஆறு மெலிந்தது. பெருவெள்ளம் குறைந்தால் புதுமணல் வருவது குறையும்; இருந்த மணலைக் கட்டடத் தொழில் அள்ளிச் சென்றது. பாரதப்புழாவின் மணற்பரப்பு குழிகளும் புதர்களுமாக மாறிற்று. கேரள அரசு 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அகற்றலை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மாசி மாதத்து ஆடல்வெளி சட்டத்தால் காக்க வேண்டிய பொருளானது. மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும்போது, தலைமுறை தலைமுறையாகக் குளித்த துறையே உயிர்க்கொல்லியாகிறது. ஆட்டனத்தியைக் கொண்டுசென்றது ஆற்றின் இயல்பு. மணற்குழியில் நிகழும் சாவு மனிதன் தோண்டிய ஆழத்தின் விளைவு.

அமைதியான ஏரியும் ஆபத்தற்றதன்று. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். வெள்ளமும் புயலும் இல்லாத நீரில் நேர்ந்த அச்சாவுகள், அடங்கிய நீர் தரும் பாதுகாப்புணர்வு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டின. 2018 ஆகத்தில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அடுத்த சில நாள்களில் பேரியாறு தன் பழைய கரைகளையும் வெள்ளச் சமவெளியையும் மீட்டுக்கொண்டது. ஆற்றின் ஆண்டை மறந்து அக்கரைகளில் எழுந்த கட்டடங்கள் நீரில் நின்றன. பருவத்தோடு ஆடியவர்க்கு எந்த மாதம் ஆறு எவ்வளவு தொலைவு ஏறும் என்பது தெரிந்திருந்தது. ஆடல் என்பது ஆற்றைப் பற்றிய அறிவைத் தலைமுறைக்குக் கடத்தும் வழியாகவும் இருந்ததை இந்நிகழ்வு நினைவூட்டுகிறது.

மாற்றுவழிகளும் இதே மலைகளில் உள்ளன. பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவின் குறுக்கே திட்டமிட்ட நீர்மின் அணை, கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தும் சுகதகுமாரி முதலிய கவிஞர்களும் பங்கேற்ற மக்கள் இயக்கத்தின் விளைவாக 1983இல் கைவிடப்பட்டது. 1984இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அணைக்காத ஓர் ஆற்றைக் காண்பதற்காகவே இன்று பயணிகள் அங்கு செல்கின்றனர். தேக்கடியில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுக் குழுக்களில், முன்னர் காட்டில் வயனா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே வழிகாட்டிகளாயினர். மூங்கில் தெப்பத்தில் பயணிகளை அழைத்துச் செல்லும் அவர்களுக்கு நீரின் மட்டமும் விலங்கின் தடமும் தெரியும். செங்குட்டுவனிடம் மலையின் செய்தியைச் சொன்ன குறவர்க்கு இருந்த இடம், நீண்ட இடைவெளிக்குப் பின், மலைவாழ் மக்களுக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது.

7. மதகில் எழுதப்பட்ட ஒரு நாள்

இரு ஆண்டுகளுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுப்பது இன்று இயலாது. அணைகளால் விளையும் நெல்லையும் மின்சாரத்தையும் துறந்து பழைய வெள்ளத்துக்குத் திரும்ப யாரும் கோரப்போவதில்லை. சாதித் துறைகளுக்குத் திரும்புவதோ எண்ணிப் பார்க்கவும் தகாதது. கேள்வி வேறு: அணையின் ஆண்டுக்குள் ஆற்றின் ஆண்டுக்கு இடம் தர முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று வைகையில் உண்டு. 1959இல் கட்டப்பட்ட வைகை அணையிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்காக மதுரை நோக்கி நீர் திறக்கப்படுகிறது. அழகர் இறங்கும் அந்நீரில் பேரியாற்றின் பங்கும் இருக்கிறது. பாசனம், குடிநீர், மின்சாரம் என்று மட்டும் எழுதப்பட்ட நீர்க்கணக்கில், மக்கள் ஆற்றில் கூடுவதற்கான ஒரு நாளும் எழுதப்பட்டிருக்கிறது. ஆடிப்பெருக்குக்கும் துலா முழுக்குக்கும் திருவாதிரைக் குளியலுக்கும் மாசி மணலுக்கும் இத்தகைய இடம் உண்டா என்று பாரதப்புழாவிலும் கல்பாத்தியிலும் அமராவதியிலும் கேட்கலாம். அணைக்குக் கீழே ஆறு உயிரோடிருக்கத் தேவையான குறைந்த நீரோட்டத்தைச் சூழலியலாளர் வலியுறுத்துகின்றனர். அந்தக் கோரிக்கையோடு பண்பாட்டு நாட்காட்டியையும் சேர்த்தால், நீர்ப் பங்கீட்டைப் பற்றிய உரையாடல் வழக்குமன்ற மொழியிலிருந்து சற்றே விடுபடும்.

சித்திரை முழுநிலவன்று மங்கலாதேவி மலையில் ஏறுவோர்க்கு ஒருபுறம் கேரளக் காடும் மறுபுறம் கம்பம் பள்ளத்தாக்கும் தெரியும். முல்லைப் பெரியாற்று நீருக்காக இரு மாநிலங்களும் ஆண்டின் எஞ்சிய நாள்களில் வழக்காடினும், அந்த ஒரு நாளில் ஒரே மலைப்பாதையில் இரு மொழியும் கேட்கின்றன. நீரைப் பங்கிடும் முறைகளுள் மிகப் பழமையானது அதில் சேர்ந்து ஆடுவதே.